பாட்டிலில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குடிக்காதீர்கள்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் லூவன் நகரில் மேற்படிப்பு, வந்து ஒரு மாதம் ஆகிறது. வகுப்பு நண்பர்கள் வெள்ளிக்கிழமையானால் கஃபேக்குக் கூப்பிடுகிறார்கள். ஊரில் ஸ்ட்ராங் பீர் குடித்த பழக்கம் உண்டு. ஆனால் இங்கே மெனுவைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பெயர்கள், பக்கத்தில் 8.5, 9.5, 11.3 என்று எண்கள். எதில் ஆரம்பிப்பது, எப்படி ருசி பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதி வைப்பது, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு எதை வாங்கிப் போவது. இவ்வளவுதானே?

முதலில் அந்த எண்கள். இங்கே எல்லோரும் சாதாரணமாகக் குடிக்கிற பில்ஸ் என்ற லேசான பீர் 25 சென்டிலிட்டர் கிளாஸில் வரும், ஆல்கஹால் 5.2 சதவீதம் இருக்கும். கணக்குப் போட்டால் 13 மில்லி சுத்த ஆல்கஹால். ரோஷ்ஃபோர் 10 என்று ஒரு பீர், 33 சென்டிலிட்டர் பாட்டில், 11.3 சதவீதம். அதில் 37 மில்லி. அதாவது பார்க்கச் சின்னதாக இருக்கும் அந்த ஒரு பாட்டில் ஏறக்குறைய மூன்று பில்ஸுக்குச் சமம். (பெயரில் இருக்கும் 10 என்பது சதவீதக் கணக்கு இல்லை. அது பெல்ஜியத்தின் பழைய அடர்த்தி அளவு.) நம் ஊர்க்காரர்கள் சறுக்குகிற இடம் இதுதான். 650 மில்லி பாட்டிலைப் பார்த்த கண்ணுக்கு இது பொம்மை மாதிரி தெரியும்.

இன்னொரு சிக்கல், ரவுண்டு. நால்வர் உட்கார்ந்தால் ஒருவர் எழுந்து நால்வருக்கும் வாங்கி வருவார், அடுத்தது இன்னொருவர். மற்றவர்கள் பில்ஸ் குடிக்க, நீங்கள் மட்டும் டூவெல் என்ற ஸ்ட்ராங் பீர் குடித்தால் (8.5 சதவீதம், 33 சென்டிலிட்டரில் 28 மில்லி ஆல்கஹால்) அவர்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. "எனக்கு இந்த ரவுண்டு வேண்டாம், இதுவே இருக்கிறது" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உங்கள் முறை வரும்போது மட்டும் மறக்காமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குடிக்காமல் நழுவலாம், வாங்கிக் கொடுக்காமல் நழுவினால்தான் பெயர் கெடும்.

சரி, இவ்வளவு ஆல்கஹால் இருந்தும் நாக்குக்கு ஏன் தெரிவதில்லை? சர்க்கரைதான் காரணம். ஸ்ட்ராங்காக்க மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) மட்டுமே அள்ளிப் போட்டால் பீர் கஞ்சிபோலக் கெட்டியாகி, பாதியிலேயே திகட்டிவிடும். பெல்ஜியக்காரர்கள் கொதிக்கும்போது சர்க்கரையும் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடுவதால் இனிப்பு தங்காது. பீர் லேசாக, நாக்கில் இனிப்பு ஒட்டாமல் இறங்கும். நம் ஊர் ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் தொண்டையில் முதல் மடக்கிலேயே ஆஜர் சொல்லும். இங்கே கிளாஸ் காலியாகி, எழுந்து நிற்கும்போதுதான் சொல்லும்.

ருசியில் பெரும்பங்கு ஈஸ்டின் கைங்கரியம். பில்ஸ் போன்ற லாகர் வகைகளைக் குளிரில், 10 டிகிரியை ஒட்டிப் புளிக்க வைப்பார்கள். இந்த ஸ்ட்ராங் பீர்களை 20 டிகிரிக்கு மேல் விடுவார்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் தானே உண்டாக்கிவிடும். உள்ளே வாழைப்பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. சில பீர்களில் மட்டும் உண்மையாகவே மசாலா சேர்ப்பார்கள். வெள்ளை பீர் எனப்படும் கோதுமை பீரில் நம் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போவது வழக்கம்.

இந்த நாட்டில் ஸ்ட்ராங் பீர் இப்படிப் பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம் என்பார்கள். 1919-இல் கஃபேக்களில் ஜின் போன்ற கடும் சரக்கு விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். 1980-கள் வரை அது ஏட்டில் இருந்தது. கடும் சரக்குக்கு ஏங்கியவர்களுக்கு பீரையே கடுமையாகக் காய்ச்சித் தந்தார்கள். தடை போட்டால் குடி குறையும் என்று நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம், அது வேறு கதை.

எதில் ஆரம்பிப்பது? என்னைக் கேட்டால் வெஸ்ட்மல்லெ டிரிபெல். டிரிபெல் என்பது பொன்னிற ஸ்ட்ராங் பீர் வகை. இது ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடாலயத்தில் காய்ச்சுவது, 9.5 சதவீதம். 1934-இல் வந்தது, 1956-இல் செய்முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதன்பின் பெல்ஜியத்தில் யார் டிரிபெல் காய்ச்சினாலும் இதை மனதில் வைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். இதன் ருசி பிடிபட்டுவிட்டால் மற்றவற்றை இதற்கு முன்னே, பின்னே என்று வைத்துப் பார்க்கலாம். கடையில் இரண்டு யூரோவை ஒட்டிக் கிடைக்கும். கஃபேயில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் முதல் பாட்டிலைக் கஃபேயிலேயே குடியுங்கள். ஊற்றுகிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒவ்வொரு பீருக்கும் சொந்தக் கிளாஸ் உண்டு, அந்தப் பெயர் அச்சிட்டது. பரிசாரகர் கிளாஸை அலசி, சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக ஊற்றுவார். கடைசியில் நிமிர்த்தி நுரையை எழுப்புவார். பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனம் விட்டுவிடுவார். மிச்சம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள், அது ஈஸ்ட் வண்டல். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிப்பதால் அடியில் தங்குவது. கலந்தால் பீர் கலங்கும், கொஞ்சம் கசப்பும் ரொட்டி மாவு ருசியும் ஏறும். அதைத் தனியாகச் சின்னக் கிளாஸில் ஊற்றிக் குடிப்பவர்களும் உண்டு. டூவெல் கிளாஸைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு 'D' எழுத்து பொறித்திருக்கும். அழகுக்கு இல்லை. அந்தக் கீறலிலிருந்துதான் குமிழிகள் விடாமல் கிளம்பி நுரையைத் தாங்குகின்றன.

அடுத்தபடி கறுப்பு வகை. இதற்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குங்கள். ரோஷ்ஃபோர் 10 வாங்கினால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிடாதீர்கள். ஐஸ் குளிரில் நாக்கு மரத்து, எல்லா பீரும் ஒன்றாகத்தான் தெரியும். 12, 14 டிகிரி வந்தால்தான் அது வாய் திறக்கும். முதல் மடக்கில் பேரீச்சையும் உலர்திராட்சையும். கால் மணி நேரம் விட்டு மோந்து பாருங்கள், கருப்பட்டிப் பாகு அடிபிடிக்கும் முன் வருமே, அந்த வாசனை எழும். பாதிக் கிளாஸுக்கு மேல் கோக்கோவும், ஒரு மெல்லிய சோம்பு வாடையும். கடைசி இரண்டு மடக்கில்தான் நெஞ்சில் சூடு தெரியும். முக்கால் மணி நேரத்துக்குள் இதை முடிக்கிறவர் இதைக் குடிக்கவில்லை என்றே சொல்வேன்.

தொட்டுக்கொள்ள மிக்சர், சிப்ஸ் வேண்டாம். கஃபேயிலேயே ஒரு தட்டு பாலாடைக்கட்டித் துண்டுகள் கேளுங்கள். பக்கத்தில் கடுகு விழுதும் செலரி உப்பும் வைப்பார்கள். கட்டியைக் கடுகில் தொட்டு, உப்பில் ஒற்றி, வாயில் போட்டு, அதன்மேல் ஒரு மடக்கு. காரக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து ருசி பார்க்க உட்கார்ந்தால் அன்று எழுதியதையெல்லாம் கிழித்துப் போட வேண்டியதுதான்.

எழுதி வைப்பது பற்றிக் கேட்டீர்கள். செய்யுங்கள், ஆனால் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முன் எழுதிவிடுங்கள். படித்துவிட்டுக் குடித்தால் அவர்கள் சொன்ன வாசனைதான் உங்களுக்கும் வரும். நிறம், நுரை எவ்வளவு நேரம் நின்றது, மோந்தபோது என்ன, வாயில் என்ன, விழுங்கிய பிறகு என்ன. இந்த ஐந்தும் இரண்டு இரண்டு வார்த்தை போதும். வார்த்தை உங்கள் வீட்டு வார்த்தையாக இருக்கட்டும். வெள்ளைக்காரர் ஃபிக் ஜாம் என்று எழுதுகிற இடத்தில் உங்களுக்கு அத்திப்பழம் வரவில்லை, பஞ்சாமிர்தம்தான் வருகிறது என்றால் பஞ்சாமிர்தம் என்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கு ருசி ஞாபகம் வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டால் நான்கு வகை வரை பார்க்கலாம், லேசானதிலிருந்து கனமானதற்கு, நடுநடுவே தண்ணீர். தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், இந்த ஊர் அப்படி.

மதிப்பெண் போடும்போது ஒரு எச்சரிக்கை. சதவீதம் கூடக் கூட மார்க்கும் கூடுகிற நோய் எல்லா மதிப்புரைக்காரர்களுக்கும் உண்டு. அதற்கு மருந்து ஓர்வால். 6.2 சதவீதம்தான், இதுவும் ட்ராப்பிஸ்ட். புதிதாக வாங்கினால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) கசப்பு தூக்கலாக இருக்கும். ஆறு மாதம் இருட்டில் நிறுத்தி வைத்துத் திறந்தால் கசப்பு அடங்கி, பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டின் வேலையால் பதனிட்ட தோல் வாடை, மாட்டுக்கொட்டகை வாடை என்று வேறு பீராகியிருக்கும். பலருக்கு முதல் தடவை பிடிக்காது. எனக்கு 10 சதவீதப் பீர்கள் பலவற்றைவிட இது மேல்.

நண்பர்கள் வெஸ்ட்ஃப்லேட்டரன் 12 என்று ஒரு பெயரைக் கிசுகிசுப்பார்கள். இதுவும் ட்ராப்பிஸ்ட் மடாலயத்தில் காய்ச்சுவது. நெடுங்காலம் லேபிளே இல்லாமல் வந்தது, மஞ்சள் மூடி, 10.2 சதவீதம். 2005-இல் இணையத்தில் உலகின் சிறந்த பீர் என்று பட்டம் கட்டியதும் மடாலய வாசலில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. துறவிகள் தங்கள் பிழைப்புக்குத் தேவையான அளவுதான் காய்ச்சுவோம் என்று இருந்துவிட்டார்கள். சுற்றுலாக் கடைகளில் அதைக் கொள்ளை விலைக்கு விற்பார்கள், வாங்காதீர்கள். ஒன்று மடத்துக்கு எதிரே இருக்கும் கஃபேக்கே போய்க் குடியுங்கள், இல்லையென்றால் சின்ட் பெர்னார்டஸ் அப்ட் 12 வாங்குங்கள். வாட்டூ கிராமத்தின் அந்த ஆலைதான் 1946 முதல் 1992 வரை உரிமம் பெற்று அந்த மடத்தின் பீரைக் காய்ச்சி விற்றது. பழைய ஈஸ்ட் இன்றும் அவர்களிடம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும், 10 சதவீதம்.

லேபிளில் துறவி படம் இருப்பதெல்லாம் மடத்தில் காய்ச்சியது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெஃப் என்ற மடத்தின் பெயர் தாங்கிய பீர் காய்ச்சப்படுவது உங்கள் லூவனிலேயே, ஸ்டெல்லா பீர் ஆலையில். குடிக்கத் தகாதது என்று சொல்லவில்லை, பெயரைப் பார்த்து அதிகக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். ட்ராப்பிஸ்ட் முத்திரை உள்ளவை பெல்ஜியத்தில் இப்போது ஐந்துதான்: வெஸ்ட்மல்லெ, வெஸ்ட்ஃப்லேட்டரன், ரோஷ்ஃபோர், ஷிமே, ஓர்வால். சின்ன ஆலைகளில் எசன் கிராமத்து டெ டொல்லெ காய்ச்சும் ஊர்பியர் பாருங்கள். மெஹலன் நகரின் ஹெட் ஆன்கர் ஆலை, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பிறந்த நாளான பிப்ரவரி 24-இல் ஒரு விசேஷ பீர் காய்ச்சும், அதையும் விடாதீர்கள்.

வண்டி ஓட்டுவது: வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். சைக்கிளுக்கும் அதே சட்டம்தான், மாணவர்கள் பலர் இதை நம்புவதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து போங்கள். மனமில்லாத நாளில் காபி சொல்லிவிட்டு உட்காருங்கள், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நம்மூர் கூட்டத்தில்தான் அந்த விசாரணையெல்லாம்.

மாமாவுக்கு: இந்தியாவுக்குள் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டு போகலாம், பீரும் அந்தக் கணக்கில்தான். 33 சென்டிலிட்டரில் ஆறு பாட்டில் 1.98 லிட்டர், கச்சிதம். செக்-இன் பெட்டியில், ஒவ்வொன்றையும் காலுறைக்குள் விட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஓர்வால், டிரிபெல் வேண்டாம், நம் வெயில் சூட்டில் ஹாப்ஸ் வாசனை போய்விடும். கறுப்பு வகை தாங்கும்: ரோஷ்ஃபோர் 8 இரண்டு, சின்ட் பெர்னார்டஸ் இரண்டு, ஷிமே நீலம் இரண்டு. போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து வண்டல் அடங்கவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். மாமா ஃப்ரீசரில் வைத்து, ஐஸ் கட்டியும் போட்டுத்தான் குடிப்பேன் என்றால் அவர் இஷ்டம், ஒரு பாட்டிலை மட்டும் முன்கூட்டியே ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள்.