ஓய்வுக்கு 4 ஆண்டுகள் இருக்கும்போது சந்தை சரிந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 56. அறுபதில் ஓய்வு. தொகையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் என் ஓய்வுக்காலச் சேமிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70 பங்குச் சந்தை ஃபண்டுகளில், 30 டெபாசிட்டிலும் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் இருந்தன. சந்தை சரிந்ததில் அந்த 70 இப்போது 52 ஆகிவிட்டது. மொத்தம் 82. ஆண்டுக்கு 3 வீதம் மாதத் தவணையில் பங்கு ஃபண்டில் போட்டு வருகிறேன். ஓய்வுக்குப் பின், இன்றைய விலைவாசியில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6 வேண்டும். பென்ஷனாக 2 வரும். இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்கிறார் மனைவி. எல்லாவற்றையும் எடுத்து டெபாசிட்டில் போட்டுவிடலாமா? தவணையையாவது நிறுத்தலாமா?

பதில்: எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். தவணையையும் இப்போது நிறுத்த வேண்டாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள் என்றும் சொல்லமாட்டேன். ஓய்வுக்கு நான்கே ஆண்டுகள் இருக்கும்போது நூற்றுக்கு 70-ஐப் பங்குச் சந்தையில் வைத்திருந்தது கொஞ்சம் துணிச்சல்தான். அதைச் சரிசெய்ய வேண்டும். இன்றைக்கே, ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை.

தொகையைச் சொல்லாமல் 100 என்று எழுதியது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கணக்கு கண்ணாடி மாதிரி தெரிகிறது.

நீங்கள் தினமும் பார்ப்பது 82 என்ற எண்ணை. நான் முதலில் பார்த்தது 30 என்ற எண்ணை. ஓய்வுக்குப் பின் உங்கள் செலவு 6, பென்ஷன் 2, ஆக சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 4 எடுத்தால் போதும். சந்தைக்கு வெளியே இருக்கும் 30, ஏழரை ஆண்டுச் செலவுக்கு வரும். ஓய்வு வருவதற்குள் விலைவாசி ஏறும், 4 என்பது 5 ஆகலாம்; ஆனால் அந்த 30-க்கும் வட்டி சேரும். வட்டி கொஞ்சம் பின்தங்கினாலும் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாது. இன்றிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகள். அதுவரை பங்கு ஃபண்டில் ஒரு யூனிட்டைக்கூட விற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்த 30-இல் வீட்டுக் கடன் பாக்கி, பிள்ளைகளின் படிப்பு என்று வேறு எதற்கும் ஒதுக்கியது இருந்தால் மட்டும் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

சந்தை வீழ்ச்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி அல்ல. பணம் போடுகிறவருக்கு ஒரு விதம், பணம் எடுக்கிறவருக்கு வேறு விதம். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஐந்து ஆண்டுகள், சந்தை முதல் ஆண்டு 25% இறங்குகிறது, அடுத்த ஆண்டு 10% இறங்குகிறது, பிறகு 15%, 20%, 15% என்று ஏறுகிறது. 100 போட்டுவிட்டுத் தொடாமல் விட்டவரிடம் கடைசியில் 107 இருக்கும். இதே எண்களைத் தலைகீழாக அடுக்கினாலும், அதாவது ஏற்றம் முதலிலும் இறக்கம் கடைசியிலும் வந்தாலும், அதே 107தான்.

இப்போது ஓய்வு பெற்ற ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் 6 எடுக்கிறார் என்று வையுங்கள். இறக்கம் முதலில் வந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அவரிடம் மிஞ்சுவது 67. இறக்கம் கடைசியில் வந்தால் 82. அதே சந்தை, அதே ஐந்து ஆண்டுகள், ஆனால் 15 வித்தியாசம். விலை கீழே கிடக்கும்போது செலவுக்காக விற்ற யூனிட்டுகள், சந்தை திரும்ப ஏறும்போது அவரிடம் இல்லை. அதுதான் காரணம்.

எடுக்காமல், ஆண்டுக்கு 6 போடுகிறவர் என்றால் கதை திரும்பிவிடுகிறது. இறக்கம் முதலில் வந்தால் அவரிடம் 147, கடைசியில் வந்தால் 132. முன்னவரை வாட்டிய அதே வரிசை இவருக்குச் சாதகம்.

நீங்கள் இன்னும் போடுகிற பக்கத்தில் இருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளில் எடுக்கிற பக்கத்துக்குப் போகப் போகிறீர்கள். ஓய்வுக்கு முந்திய ஐந்தாண்டும் பிந்திய ஐந்தாண்டும்தான் ஒருவர் ஆயுளில் சந்தை ஆபத்து மிகுந்த காலம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். உங்கள் கவலை வீண் கவலை அல்ல. ஆனால் இன்றைய 82-ஐப் பற்றிக் கவலைப்படுவதைவிட, 60-லிருந்து 65 வரை எதை விற்றுச் சாப்பிடப் போகிறீர்கள் என்று கவலைப்பட்டால் அந்தக் கவலைக்குப் பலன் உண்டு.

சரி, மனைவி சொல்வதுபோல் எல்லாவற்றையும் டெபாசிட்டுக்கு மாற்றினால் என்ன ஆகும்? 82, அதோடு நான்கு ஆண்டுகளில் சேரும் 12, ஆக 94. வரி போக வட்டி விலைவாசி ஏற்றத்துக்குச் சரியாக ஈடுகொடுத்தால், ஆண்டுக்கு 4 வீதம் இருபத்து மூன்றரை ஆண்டுகள் வரும். உங்களுக்கு 83 வயதில் கணக்கு காலி. வட்டி விலைவாசியைவிட ஒரே ஒரு சதவீதம் பின்தங்கினாலும் எண்பதைத் தாண்டியதுமே தீர்ந்துவிடும். மனைவி உங்களைவிட இளையவர் என்றால் அவருடைய கடைசிக் காலத்துக்கு எதுவும் இருக்காது. டெபாசிட்டில் எண் குறையாது என்பது உண்மை. அந்த எண் வாங்கித் தரும் பொருள் குறையும், அது சத்தம் போடாமல் குறையும். 6% விலைவாசி ஏற்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும்.

“இப்போது எடுத்துவிட்டு, நிலைமை சரியானதும் திரும்பப் போடுகிறேன்” என்பதுதான் பலரும் மனத்தில் வைத்திருக்கும் திட்டம். கேட்க நன்றாக இருக்கும், செய்து முடித்தவர்கள் குறைவு. 2020 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு மார்ச் 12 அன்று 9.5% விழுந்தது. மறுநாள் 9.3% எழுந்தது. 16-ஆம் தேதி 12% விழுந்தது. 23-ஆம் தேதி அடிமட்டம். பிப்ரவரி உச்சத்திலிருந்து 34% கீழே. 24-ஆம் தேதி ஒரே நாளில் 9.4% ஏற்றம். அந்த 24-ஆம் தேதி தொற்றுச் செய்திகள் குறைந்திருந்தனவா? இல்லை, கூடிக்கொண்டுதான் இருந்தன. “நிலைமை சரியாகட்டும்” என்று காத்திருந்தவர் எந்த நாளில் திரும்ப நுழைந்திருப்பார்? ஆகஸ்ட்டில் குறியீடு பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. பெரிய ஏற்ற நாட்கள் பெரிய இறக்க நாட்களுக்கு ஒட்டியே வருகின்றன. ஒன்றைத் தவிர்க்கப் போய் மற்றதையும் தவறவிடுவதுதான் வழக்கம்.

எல்லா வீழ்ச்சியும் 2020 மாதிரி ஐந்தே மாதத்தில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை அதே குறியீடு 57% விழுந்தது. பழைய உச்சத்துக்கு வர 2013 மார்ச் ஆயிற்று. 2000 தொடக்கத்தில் அந்தக் குறியீட்டில் போட்டவருக்கு, டிவிடெண்டை, அதாவது நிறுவனங்கள் பிரித்துத் தரும் லாபத்தை, சேர்த்தாலும், 2009 முடிவில் லாபம் இல்லை. ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஆகவே “காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது. ஆறேழு ஆண்டுச் செலவு வெளியே இருக்க வேண்டும், பங்குப் பணம் ஒரே நாட்டில், ஒரே துறையில், ஒரே நிறுவனத்தில் முடங்கியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

அந்த 52 எதில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களின் பங்குகளையும் வாங்கி வைக்கும் பரவலான குறியீட்டு ஃபண்டுகளில் இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். நாலைந்து தனிப் பங்குகளிலோ, ஒரே துறை ஃபண்டிலோ, வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலோ இருந்தால் என் பதில் வேறு: நஷ்டம்தான் என்றாலும் பிரித்துப் போடுங்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது; அதற்கு முந்திய ஆண்டு முடிவில் அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கும் மேல் என்ரான் பங்காகவே இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. மொத்தச் சந்தை விழுந்து எழுந்திருக்கிறது; தனி நிறுவனத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

தவணை விஷயம். யூனிட் விலை 50 இருந்தபோது 1,000-க்கு 20 யூனிட் வாங்கினீர்கள். விலை 40 என்றால் அதே பணத்துக்கு 25 கிடைக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் இப்படியே பங்கு ஃபண்டில் போகட்டும். 58 ஆனதும் தவணை முழுவதையும் டெபாசிட் பக்கம் திருப்பிவிடுங்கள். அப்போது வெளியே இருக்கும் 30, ஓய்வு வரும்போது 36 ஆகியிருக்கும். விற்காமலே ஒன்பது ஆண்டுச் செலவு சேர்ந்துவிடும். அதற்குள் சந்தை நன்றாக ஏறினால், பங்கு ஃபண்டில் மொத்தத்தின் 60 சதவீதத்துக்கு மேல் இருப்பதை மட்டும் விற்று இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். இதில் ஒரு வலை இருக்கிறது: “பழைய 100 வந்ததும் எடுத்துவிடுவேன்” என்று சபதம் போடாதீர்கள். அந்த 100 சந்தைக்குத் தெரியாது. 98-இல் காத்திருந்து 75-ஐப் பார்த்தவர்கள் நிறைய.

இப்போதே தூக்கம் வரவில்லை, இதற்கு மேல் ஒரு 20% இறங்கினால் தாங்கமாட்டேன் என்றால் அதையும் மதிக்க வேண்டும். அப்படியானால் 52-லிருந்து 11-ஐ நான்கு சம பாகமாக, காலாண்டுக்கு ஒரு பாகம் வீதம் ஓராண்டில் வெளியே எடுங்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகிவிடும். தேதியை முன்பே எழுதி வையுங்கள். சந்தையைப் பார்த்து முன்பின் தள்ளக் கூடாது. விற்கும்போது வரும் வரியையும் வெளியேறும் கட்டணத்தையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பான பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. நீண்ட காலக் கடன் பத்திர ஃபண்டுகள் வட்டி விகிதம் ஏறும்போது விழும். 2022-இல் அமெரிக்காவின் பரந்த கடன் பத்திரக் குறியீடே சுமார் 13% இறங்கியது, பங்குகளும் அதே ஆண்டில் இறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் தேவைப்படும் பணம் குறுகிய காலத்தில்தான் இருக்க வேண்டும். உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது, அதை மாற்றாதீர்கள். சந்தை விழும் காலத்தில் “உறுதியான வருமானம், சந்தை ஆபத்து இல்லை” என்று வீடு தேடி வருகிறவர்கள் பெருகுவார்கள். டெபாசிட்டைவிட இரண்டு மடங்கு வட்டி என்று எவர் சொன்னாலும் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

உண்மையான நஷ்டம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் 1994-இல் பழைய சந்தைக் கணக்குகளை வைத்துப் பார்த்து, முதல் ஆண்டில் சேமிப்பில் சுமார் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் முப்பது ஆண்டுகள் தாங்கும் என்றார். அவர் பார்த்தது அமெரிக்கக் கணக்கு, எல்லா நாட்டுக்கும் சட்டம் அல்ல. அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வீழ்ச்சி வராமல் இருந்திருந்தால் அறுபதில் உங்களிடம் 112 இருக்கும். 4 எடுப்பது 3.6%. இப்போது, சந்தை விலைவாசியை மட்டும் ஒட்டி வந்தால், 94. அதில் 4 என்பது 4.3%. அதை 4 சதவீதத்துக்குக் கொண்டுவர ஆண்டுச் செலவு 6-லிருந்து 5.76 ஆக வேண்டும். 100 செலவழித்த இடத்தில் 96. திரையில் 18 போனதாகத் தெரிகிற வீழ்ச்சி, வீட்டுச் செலவில் நூற்றுக்கு 4 ஆக வந்து நிற்கிறது. அப்புறம், ஓராண்டு கூடுதலாக வேலை பார்க்க முடிந்தால் இதில் பாதி ஈடாகிவிடும். பென்ஷன் விலைவாசியோடு ஏறுமா, அப்படியே நிற்குமா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும் என்றால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும், அப்போது அந்த ஓராண்டு வேலை கட்டாயமாகிவிடலாம்.

ஓய்வுக்கு முன்பே வேலை போனால் வரிசை இதுதான்: தவணையை அன்றே நிறுத்துங்கள், டெபாசிட்டிலிருந்து எடுத்துச் செலவழியுங்கள், பங்கு ஃபண்டைக் கடைசிவரை தொடாதீர்கள். பென்ஷன் தொடங்கும்வரை ஆண்டுக்கு 6 போகும் என்பதால் அந்த 30 ஐந்து ஆண்டுகள் வரும். செலவைச் சுருக்கினால் ஆறு. அப்படி நடந்தால் மீண்டும் எழுதுங்கள், கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.