மீன் தொட்டிக்கு வாரம் ஒரு குடம்: தண்ணீர் மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

வெயில் ஏறத் தொடங்கியதும் மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று கேட்டிருந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, இரண்டடி தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு மோலி, ஆறு டெட்ரா. மாதம் ஒரு தடவை முழுசாக மாற்றினால் போதும் என்கிறார்கள். சரியா?

முழுசாக மாற்றவும் வேண்டாம் தம்பி, மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் இரண்டு கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக 56 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடமும் போக 48 லிட்டர் நிற்கும். வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். வாரம் ஒரு குடம் எடுத்து ஒரு குடம் ஊற்றினால் 30 சதவீதம் மாறிவிடும். உங்கள் தொட்டிக்கு அது போதும்.

மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அமோனியா உண்டாகும். ஃபில்டரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். செடி அடர்த்தியாக இல்லாத தொட்டியில் அதை வெளியேற்ற நாம் எடுத்து ஊற்றும் அந்தக் குடத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

பேட்டை, இல்லத்தரசி: நான் வாரம் பத்து சதவீதம் மாற்றுகிறேன். அளவு முக்கியமா, தவறாமல் செய்வது முக்கியமா?

இரண்டும் முக்கியம் தங்கச்சி. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 10 சதவீதம் மாற்றினால் அது ஏறி ஏறி 100-ல் போய்த்தான் நிற்கும். 25 சதவீதம் மாற்றினால் 40-ல் நிற்கும், பாதி மாற்றினால் 20-ல் நின்றுவிடும். ஏறும் அளவை மாற்றும் பங்கால் வகுத்தால் வருகிற எண் அது. 40-க்குக் கீழே வைப்பது நல்லது, 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நைட்ரேட் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, மாற்றுவதற்குச் சற்று முன்னால் சோதித்துப் பாருங்கள். உங்கள் மீன் எண்ணிக்கைக்கும் நீங்கள் போடும் தீனிக்கும் எத்தனை சதவீதம் தேவை என்று அதுவே சொல்லிவிடும். எந்தக் கடைக்காரரும் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

நாங்குநேரி, ஆசிரியர்: எட்டு மாதமாகத் தண்ணீர் மாற்றவில்லை, குறைந்தால் ஊற்றுவதோடு சரி. மீன்கள் நன்றாகவே இருந்தன. போன வாரம் முக்கால்வாசி எடுத்துவிட்டுப் புது போர் தண்ணீர் விட்டேன். விடிவதற்குள் எல்லாம் செத்துவிட்டன. தண்ணீரில் விஷமா?

படிக்கவே கஷ்டமாக இருந்தது சார். போர் தண்ணீரில் விஷம் இருந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பல மாதம் மாற்றாத தண்ணீரில் அமிலம் கூடிக்கொண்டே போய், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் என்ற எண் இறங்கும். பிஎச் இறங்கினால் பாக்டீரியாவின் வேலை மந்தமாகி அமோனியா தங்கிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரில் அதில் பெரும்பகுதி அமோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கும். மீன் நடமாடுவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம்.

அதில் பிஎச் 8 உள்ள போர் தண்ணீரை ஒரேயடியாக விட்டால் அந்த அமோனியம் விஷ அமோனியாவாக மாறும். 25 டிகிரியில், பிஎச் 7-ல் மொத்த அமோனியாவில் அரை சதவீதம் சொச்சம்தான் விஷ வடிவம். 8-ல் ஐந்து சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. உப்புச்சத்து திடீரென்று மாறிய அதிர்ச்சியும் சேர்ந்திருக்கும்.

நாள்பட்ட தொட்டியை மீட்க வேண்டுமென்றால் தினமும் 5 முதல் 10 சதவீதம், இரண்டு வாரத்துக்கு. தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதன் பிறகு வாராந்திரக் கணக்குக்கு வரலாம்.

பாளையங்கோட்டை: மாநகராட்சி தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடுமா?

வாய் அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்தால் போகும். ஏர் பம்ப் போட்டுவிட்டால் நிச்சயமாகப் போகும். மூடி போட்ட டிரம்மில் வைத்தால் போகாது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றலாம்.

2023 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி சமயத்திலும், மழைக்குப் பின் கலங்கல் வரும் நாட்களிலும் குளோரின் கூடுதலாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறினால் அன்றைக்கு மாற்றாதீர்கள். இரண்டு நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

வள்ளியூர்: ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நேரம் கிடைக்கிறது. மாடி டேங்க் தண்ணீரை நேராக விடலாமா?

சித்திரை, வைகாசியில் விடவே கூடாது. மாடி டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கை சுடும். முந்தின நாள் இரவே வாளியில் பிடித்துத் தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். காலையில் ஒரு கையை வாளியிலும் ஒரு கையைத் தொட்டியிலும் மணிக்கட்டு வரை விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஊற்றலாம். நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. இரவு முழுக்க நின்றால் அதுவும் சரியாகிவிடும்.

மேலப்பாளையம்: கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு பிஷ். எத்தனை நாளைக்கு ஒரு முறை?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி. ஃபில்டர் உள்ள பெரிய தொட்டிக்கு மாற்றும் வரைதான் இது. கோல்டு பிஷ் கழிவு அதிகம் போடும் மீன், வளரும் மீன். கிண்ணம் அதற்கு வீடே இல்லை.

சேரன்மகாதேவி: வீட்டுப் பக்கத்திலேயே கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. அந்தத் தண்ணீரையே விடலாமா?

தாமிரபரணித் தண்ணீர் உப்புக் குறைந்த, மென்மையான தண்ணீர். டெட்ரா, ஏஞ்சலுக்கெல்லாம் அது கொடுத்து வைத்தது. ஆனால் கால்வாயில் சோப்பு வரும், ஒட்டுண்ணி வரும், கார், பிசானம் என்ற நெல் பருவங்களில் வயலுக்கு அடித்த மருந்தும் உரமும் வரும். அதனால் நேராக எடுக்காதீர்கள். ஆற்றிலிருந்து சுத்திகரித்துக் குழாயில் வரும் தண்ணீர் உங்களுக்குக் கிடைக்குமே, அதைக் குளோரின் நீக்கி விடுங்கள்.

இன்னொன்று, மீன் பெரிதாகிவிட்டது என்று யாரும் அதைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள், முக்கியமாகக் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் சக்கர் மீனை. அது நம் ஆற்று மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

திசையன்விளை: வெயிலில் தண்ணீர் தானாகவே வாரம் இரண்டு அங்குலம் குறைகிறது. ஊற்றிக்கொண்டே இருக்கிறேனே, அது மாற்றியதாகக் கணக்கா?

கணக்கில்லை. சாம்பார் கொதித்து வற்ற வற்ற உப்புக் கரிக்குமே, அதே கதைதான். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே நிற்கும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் உப்பு ஏறுகிறது. குறைந்ததை ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், வாராந்திர மாற்றத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். அப்புறம், அந்தத் தண்ணீருக்குக் கப்பி, மோலி வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம். நோய்க்கென்று கல்லுப்புப் போட்டிருந்தால், எடுத்த அளவுத் தண்ணீருக்கு மட்டுமே மறுபடி உப்புச் சேர்க்க வேண்டும்.

திருநெல்வேலி டவுண்: தண்ணீர் மாற்றும் அன்றே ஃபில்டரையும் கழுவலாமா?

தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். பழுப்பாக ஊறும், அது போகட்டும். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பட்டு நல்ல பாக்டீரியா செத்துவிடும். கல்லை ட்யூப் வைத்து உறிஞ்சும்போதும் ஒரு வாரம் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம்: சொந்த ஊரில் கோயில் கொடை. ஒரு வாரம் இருக்க மாட்டோம். கிளம்பும் அன்று பாதித் தண்ணீர் மாற்றிவிடலாமா?

கிளம்பும் அன்று வேண்டாம், மூன்று நாள் முன்னால் மாற்றுங்கள். ஏதாவது கோளாறு என்றால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தெரியும். நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வேளைக்கு மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வழக்கமான குடத்தை மாற்றி, அன்றைக்குக் கொஞ்சமாகத் தீனி போடுங்கள்.