ஸ்விங் ஆர்மில் விரிசல்: மேலே ஒரு வெல்டு இழுத்தால் போதுமா?

கேள்வி: என்னுடையது 25 வருடப் பழைய பைக், பின்னால் இரண்டு ஷாக் உள்ளது. சக்கரத்தைக் கழற்றிக் கழுவியபோது, பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மின் இடது பக்கத்தில் ஷாக் மாட்டும் பிராக்கெட்டை ஒட்டி, முடி போல ஒரு கோடு தெரிந்தது. அதிலிருந்து துரு கசிந்திருக்கிறது. தெரிந்த வெல்டர், "வண்டியிலேயே வைத்து அரை மணி நேரத்தில் மேலே ஒரு வெல்டு இழுத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா? அதுவரை மெதுவாக ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். மெதுவாகவும் வேண்டாம், பக்கத்துத் தெரு வரைக்கும் வேண்டாம். இரும்பில் விழுந்த விரிசல் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அது நீள நீள, மிச்சமிருக்கும் உலோகத்தின் மேல் சுமை கூடிக்கொண்டே போகும், அதனால் வளரும் வேகமும் கூடும், கடைசித் துண்டு ஒரு குழியில் சட்டென்று போய்விடும். ஒரு பக்கக் கை விட்டுப்போனால் சக்கரம் சாயும், செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

அது பெயிண்டில் மட்டும் விழுந்த கோடாக இருக்கலாமே என்று ஒரு ஆசை வரும். பெயிண்ட் மட்டும் வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் புகுந்து துரு வரும் என்பது உண்மைதான். ஆனால் வெல்டின் ஓரத்தோடு ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டிலிருந்து துரு கசிந்தால், அது விரிசல் என்று வைத்துக்கொண்டுதான் நான் வேலையை ஆரம்பிப்பேன். வெல்டின் ஓரம் ஒரு சின்னப் படி மாதிரி இருக்கும், அதைச் சுற்றியுள்ள உலோகமும் சூட்டில் மாறியிருக்கும். வருடக்கணக்கில் ஏறி இறங்கும் சுமை அங்கேதான் வந்து குவிகிறது.

சோதிக்க ஆர்மைக் கழற்றி வெளியே எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டு, பெயிண்டை ரிமூவர் தடவி எடுங்கள். கிரைண்டரையோ மணல் பிளாஸ்டிங்கையோ இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். அவை உலோகத்தை இழுத்துப் பூசி விரிசலின் வாயை அடைத்துவிடும், அப்புறம் எந்தச் சோதனையிலும் அது தெரியாது. அடுத்தது டை பெனிட்ரன்ட் சோதனை, மூன்று ஸ்பிரே டப்பாக்களாக வரும். சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது, பிறகு அந்த வெள்ளைப் பரப்பில் ஊசியால் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். நான் சோதித்த ஒரு ஆர்மில் பெயிண்டில் தெரிந்த கோடு நகத்தின் அகலம்கூட இல்லை, ஆனால் சிவப்புக் கோடு பிராக்கெட்டுக்கு அடியில் புகுந்து குழாயின் கீழ்ப்பக்கம் வரை போயிருந்தது. கண்ணுக்குத் தெரியும் நீளத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உங்கள் ஆர்ம் அலுமினியம், அதைப் பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். 6061-T6 மாதிரியான வகைகள் சூட்டுப் பக்குவத்தால்தான் வலிமை பெற்றவை. வெல்டு போட்டதும் அதைச் சுற்றியுள்ள பகுதி அந்த வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும், மறுபடி முறைப்படி சூட்டுப் பக்குவம் செய்யாமல் அது திரும்ப வராது.

காந்தம் ஒட்டினால் இரும்பு. உங்கள் பைக்கின் வயதுக்கு அநேகமாக இதுதான் இருக்கும். அடுத்து குழாய் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செயின் அட்ஜஸ்டர் இருக்கும் முனை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், அடியில் உள்ள வடிகால் ஓட்டை சேற்றில் அடைத்திருந்தால் அங்கேயே தங்கிக் குழாயை உள்ளிருந்து தின்னும். சின்னச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமாக மாறினால், அந்த இடத்தில் சென்டர் பஞ்சை (கூர்முனை உளி) வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். குழிந்தாலோ உள்ளே இறங்கினாலோ அந்த ஆர்முக்கு ஆயுள் முடிந்தது. விரிசல், ஆர்மை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் பிவட் போல்ட் போகும் குறுக்குக் குழாய் வரை எட்டியிருந்தாலும் எனக்கு அதே முடிவுதான்.

இந்தச் சோதனைகளைத் தாண்டினால் வெல்டிங் செய்யலாம், ஆனால் உங்கள் வெல்டர் சொன்ன மாதிரி அல்ல. மேலே இழுக்கும் வெல்டு விரிசலை மூடும், அடியில் அது அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் புதிய வெல்டையும் பிளந்துகொண்டு வரும். வண்டியில் வைத்தே செய்தால் கரண்ட் பேரிங்குகள் வழியாகப் பாயும், வயரிங் கெடும், பிவட்டில் நைலான் புஷ் (ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் வளையம்) இருந்தால் உருகிவிடும், எல்லாவற்றுக்கும் மேலே பெட்ரோல் டேங்க்.

முறையான வேலை இப்படி நடக்க வேண்டும். புஷ், பேரிங், ரப்பர் எல்லாம் வெளியே. சாயம் காட்டிய கோட்டின் நுனியைச் சற்றுத் தாண்டி 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட வேண்டும், விரிசல் மேற்கொண்டு நகராமல் நிற்க. பிறகு விரிசலை அதன் முழு ஆழத்துக்கும் V வடிவில் கிரைண்ட் செய்து, அது முழுசாகப் போய்விட்டதா என்று மறுபடி சாயம் வைத்துப் பார்த்து, அடிவரை இறங்கும்படி டிக் (TIG) வெல்டு போட வேண்டும். பிவட் ஷாஃப்டும் பின் ஆக்சிலும் மாட்டி, ஆர்மை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) இறுக்கிப் பிடித்துத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். பலத்துக்குத் தகடு வைப்பதானால் முனைகளைச் சரிவாகக் கூர்த்து வெட்டச் சொல்லுங்கள். சதுரமாக வெட்டிக் குழாயின் குறுக்கே வெல்டு போட்டால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டில்தான் விழும்.

இதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து வெல்டரிடம் நேரிலேயே சொல்லுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டு போடக் கூடாது. ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் கெடும். துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுசாகக் காய்ந்த பிறகுதான் ஆர்க். குரோம் பூச்சு இருந்தால் அந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், அந்தப் புகையும் விஷம்.

அதே மாடலின் நல்ல பழைய ஆர்ம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். வாங்குமுன் பிவட் ஷாஃப்டையும் ஆக்சிலையும் அதில் செருகிப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், இரண்டு கம்பிகளும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் அது எங்கோ விழுந்து முறுக்கிய ஆர்ம். அதையும் வெல்டு ஓரங்களில் சாயம் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

சரி, விரிசல் ஏன் இடது பக்கத்தில் மட்டும் வந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் புதிய ஆர்மை மாட்டினால் அதுவும் அதே இடத்தில் விடலாம். என் முதல் சந்தேகம் ஷாக்குகள் மேல். இரண்டையும் கழற்றிக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒன்று இறுகியும் மற்றது எண்ணெய் போய்த் தொளதொளவென்றும் இருந்தால் ஒவ்வொரு குழியிலும் ஆர்ம் முறுக்கப்படுகிறது, அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அடுத்தது செயின். ஆள் உட்கார்ந்து பின்பக்கம் இறங்கும்போது முன் ஸ்பிராக்கெட், பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் மிகவும் இறுகும், ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் ஆர்மின் மேல் விழும். தேய்ந்த பிவட் புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது புதிய புஷ், கிரீஸ், புதிய லாக் நட், சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (நட்டை இறுக்கும் அளவு). அட்ஜஸ்டர் கோடுகளை நம்பாமல் நூல் கட்டி இரண்டு சக்கரங்களையும் நேர் பாருங்கள். வெல்டு போட்ட ஆர்மாக இருந்தால் அந்த இடத்தில் கெட்டியான பெயிண்ட் வேண்டாம், வெளிர் நிறத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு போதும், விரிசல் கோடு விழுந்தால் உடனே தெரியும். முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்ச் வைத்துப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு முறை செயினுக்கு எண்ணெய் போடும்போதும்.