ஃபிஃப்த் வீல் பம்பர்ல கயாக் மாட்டலாமா?

ஆஸ்டின்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஃபோர்டு எஃப் 250 க்ரூ கேப் (நாலு கதவு கேபின்) ட்ரக், பெட் (பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி) ஆறே முக்கால் அடி, 34 அடி ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (மூக்கு ட்ரக் பெட்டுக்கு மேல வந்து உக்கார்ற வீட்டு வண்டி), ரெண்டு 12 அடி பிளாஸ்டிக் கயாக் (துடுப்புப் படகு). ஜூலைல குடும்பத்தோட வயோமிங் போறாங்க, கிராண்ட் டீட்டன்ல ஜாக்சன் லேக்ல பசங்கள கயாக்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. டீலர் கடையில "ட்ரெய்லர் பின் பம்பர்ல கிளாம்ப் போட்டு ஒரு ரிசீவர் (ரேக் சொருகற சதுரக் குழாய்) மாட்டிடலாம், கயாக் ரெண்டையும் நிக்க வெச்சு கட்டிடலாம், அரை மணி நேர வேலை"ன்னு சொல்லிருக்காங்களாம். மாட்டலாமான்னு கேக்கறார்.

மாட்டாதீங்க. அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே போய் திருப்பி வாங்கிடுங்க.

அந்த பம்பரோட ஓரத்துல இருக்கற பிளாஸ்டிக் மூடிய கழட்டி உள்ள பாருங்க, கழிவுத் தண்ணி எறக்கற ஹோஸ் சுருண்டு கிடக்கும். அத வெக்கறதுக்குத்தான் அந்தக் குழாய். நாலு இஞ்ச் சதுரம், மெல்லிசு தகடு, ரெண்டு முனையிலயும் ஃபிரேமோட வெல்டிங் வெச்சிருப்பாங்க, அவ்ளோதான். ஸ்பேர் டயரும் அதுலயே தொங்குதுன்னா அந்த வெல்டிங் ஏற்கனவே முக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ரிப்பேருக்கு வர்ற வண்டிகள்ல நான் மொதல்ல குனிஞ்சு பாக்கறது அந்த மூலையத்தான், பெயின்ட்டுக்கு மேல தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதுல இருந்து துரு கீழ ஒழுகின தடம், அது இருந்தா வெல்டிங் பாதி விட்டாச்சு. போன வருஷம் வந்த ஒரு குடும்பத்துக்கு கயாக்கும் பம்பரும் சேந்தே ரோட்ல விழுந்திருக்கு, பின்னாடி வந்த கார்க்காரர் எப்படியோ ஒடிச்சுத் தப்பிச்சார். மாட்டிக் குடுத்த கடைக்குப் போன் பண்ணா ட்ரெய்லர் கம்பெனியக் கேளுங்கன்னான், கம்பெனிக்குப் போட்டா டீலரக் கேளுங்கன்னான். பம்பர் எவ்ளோ வெயிட் தாங்கும்னு வண்டியிலயே ஒரு ஸ்டிக்கர் ஒட்ட இவங்களுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, ஆயிரக்கணக்கான டாலருக்கு வண்டி விக்கறாங்க.

உங்க ரெண்டு கயாக்கும் சேந்து 50 கிலோ, ரேக் ஒரு 20 கிலோன்னு வெச்சுக்கோங்க, "70 கிலோதானே, ஒரு ஆள் வெயிட்டு"ன்னு கடைக்காரர் சொல்வார். ஆனா அந்த ஆள் சும்மா நிக்கல. ட்ரெய்லரோட சக்கரம் எங்கயோ நடுவுல இருக்கு, வால் பத்து அடிக்கு மேல வெளிய நீட்டிட்டு இருக்கு, ரோட்ல ஒரு பள்ளம் வந்தா கார் பின்பக்கம் குதிக்கறத விட இது பல மடங்கு குதிக்கும். ஒவ்வொரு குதிக்கும் அந்த ரேக் குழாயப் புடிச்சு முறுக்கும். கார்ல மாட்டற சைக்கிள் ரேக் பலதோட மேனுவல்லயே ட்ரெய்லர் பின்னாடி போடாதேன்னு போட்டிருக்கும், யாரும் அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டி விக்கறதில்ல.

அடுத்தது உயரம். 12 அடி கயாக்க நிக்க வெச்சா, தரையில இருந்து ரெண்டு அடி தூக்கி மாட்டணும், மொத்தம் 14 அடி. உங்க ட்ரெய்லரே சுமார் 13 அடி இருக்கும். டெக்சாஸ்ல சட்டப்படி உயரம் 14 அடி வரைக்கும், பல ஸ்டேட்ல பதிமூணரைதான், ஸ்டேட்டுக்கு ஒரு கணக்கு, நாடு பூரா ஒரே வண்டிதான் ஓடுது, கணக்க மட்டும் ஒண்ணாக்க மாட்டாங்க. சட்டம் கிடக்கட்டும், கேம்ப்கிரவுண்ட் மரக்கிளைக்கு சட்டமெல்லாம் தெரியாது. ட்ரெய்லர் கூரை மேல படுக்க வெக்கலாமேன்னும் யோசிக்காதீங்க. அது ரப்பர் ஷீட்டு, ஒரு கிழிசல் போதும், தண்ணி உள்ள எறங்கி பலகை ஊறிப் போனப்புறம்தான் உங்களுக்கே தெரியும்.

சரி, எங்கதான் வெக்கறது? உங்க ட்ரக் மேல, முன்னாடி தள்ளி. முன் பம்பர்ல இருந்து கேப்போட பின்சுவர் வரைக்கும் டேப் வெச்சு அளந்து பாருங்க, உங்க வண்டிக்கு சுமார் 13 அடி வரும், 12 அடி கயாக் அதுக்குள்ள அடங்கிடும். ட்ரக்கோட முன் ஃபிரேம்ல போல்ட் போடற ரிசீவர் கிடைக்குது, அதுல ஒரு டி வடிவ கம்பத்த நிறுத்தி, கேப் கூரை மேல குறுக்குக் கம்பி போட்டு, ரெண்டுக்கும் நடுவுல கயாக்கக் கவுத்துப் போட்டுக் கட்டணும். கம்பத்து உயரமும் கூரைக் கம்பி உயரமும் ஒண்ணா இருக்கணும். கட்டி முடிச்சதும் டிரைவர் சீட்ல உக்காந்து சிக்னல் லைட் தெரியுதான்னு பாருங்க, மறைக்குதுன்னா கம்பத்த ஏத்தணும்.

முக்கியமானது, கயாக்கோட வால் கேப்புக்குப் பின்னாடி ஒரு ஜாண் கூட நீட்டக்கூடாது. ட்ரெய்லரோட மூக்கு உங்க பெட்டுக்கு மேல தொங்குது இல்லையா, அதோட அகலம் 8 அடி, அதுல பாதி 4 அடி, முழுசா திரும்பும்போது மூக்கோட ஒரு பக்கம் கிங் பின்னுல (மூக்குக்கு அடியில ட்ரக் ஹிட்ச்ல பூட்டற இரும்பு முள்ளு) இருந்து அந்த 4 அடியும் முன்னாடி வந்துடும். உங்க மாதிரி சின்ன பெட்ல கிங் பின்னுக்கும் கேப்புக்கும் நடுவுல அவ்ளோ எடமே இருக்காது, அதுக்குத்தான் சறுக்கற ஹிட்ச் (திரும்பும்போது கிங் பின்னப் பின்னாடி தள்ளிக் குடுக்கற பூட்டு) போடறாங்க. கயாக் வால் அங்க நீட்டிட்டு இருந்தா மொதல் பெட்ரோல் பங்க்கிலயே உடையும். காலி பார்க்கிங் லாட்ல ஒருத்தர கீழ நிக்க வெச்சு, ஊர்ற வேகத்துல ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்துட்டு அப்புறம் கிளம்புங்க.

பின்னாடி மாட்ட ஒரே ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லிடறேன். பம்பர விட்டுட்டு, ரெண்டு பக்க ஃபிரேம் இரும்புலயும் நேரா வெல்டிங் பண்ணின ரிசீவர். ஆனா 12 அடி கயாக்குக்கு இது ஆகாது, 10 அடிக்குள்ள இருக்கணும். வெல்டிங் பண்றவர் ட்ரெய்லர் ஃபிரேம் பண்ணிப் பழகினவரா இருக்கணும், மெயின் ஃபிரேமே அங்க வரைக்கும் வருதா இல்ல கடைசி ரெண்டு அடி மெல்லிசு ஒட்டுத் துண்டான்னு கீழ படுத்துப் பாக்கணும், ஒட்டுன்னா பண்ணாதீங்க. ரேக் மேல ஆர்.வி.க்குன்னு, அதாவது வீட்டு வண்டிக்குன்னு, எழுதியிருக்கணும். வண்டி வாரன்டில இருந்தா ஃபிரேம்ல வெல்டிங் வெக்க எழுத்துல அனுமதி வாங்கிட்டு பண்ணுங்க. பின்னாடி வெயிட் ஏத்தினா கிங் பின் வெயிட் கொறஞ்சு வண்டி ஆடும்னு சிலர் பயமுறுத்துவாங்க, ட்ரெய்லர் வெயிட்டுல 15ல இருந்து 25 சதவீதம் பின்ல உக்காரணும்ங்கறது சரிதான், ஆனா உங்க 5 டன் வண்டில இந்த 70 கிலோவால அதுல கொறையறது சுமார் 40 கிலோதான். பயப்பட வேண்டியது வெல்டிங்குக்குத்தான்.

கட்டறதுக்கு ராட்செட் ஸ்ட்ராப் (கைப்பிடிய ஆட்டி ஆட்டி இறுக்கற பட்டை) வேண்டாம், ஜூலை வெயில்ல பிளாஸ்டிக் எளகியிருக்கும், நாலு தடவ கூட இழுத்தா கயாக் பள்ளம் விழுந்துடும். பக்கிள்ல கையால இழுத்துக் கட்டற சாதா ஸ்ட்ராப் போதும், ஒரு முறுக்கு விட்டுக் கட்டுங்க, இல்லன்னா காத்துல வழியெல்லாம் விர்ர்ருனு சத்தம் வரும். கயாக்கோட மூக்கையும் வாலையும் தனியா கயிறு போட்டு எறுக்குங்க. மொதல் 50 மைல்ல ஒரு தடவ நிறுத்தித் தொட்டுப் பாருங்க.

வயோமிங்குக்குள்ள நுழையும்போது போட் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டேஷன் தொறந்திருந்தா கயாக்கா இருந்தாலும் நிறுத்தியே ஆகணும், கூட ஒட்டிட்டு வர்ற நத்தை, சிப்பிக்காக பாக்கறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கழுவி நல்லா காயவெச்சுட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க.