ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் எவ்வளவு ஆகும்? பில்லை எப்படிப் படிப்பது?

வாசகி கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுடையது. நான், கணவர், பாலிடெக்னிக் படிக்கும் மகன், உயர்நிலைப் பள்ளி மகள். மார்ச் கடைசியில் தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஏப்ரல் பில் 128 வெள்ளி வந்தது, மே பில் 213 வெள்ளி! மாமியாருக்கு எந்த நேரமும் வெந்நீர் வேண்டும் என்பதால், முன்பு காலையில் மட்டும் போட்டுவந்த தொட்டி ஹீட்டர் இப்போது விடிந்ததிலிருந்து இரவு வரை ஓடுகிறது. அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரண்டு அதிகம் இழுக்கும் என்கிறார் கணவர். மகன் அறையில் ஏர்கான் இரவு முழுக்க 20 டிகிரியில் ஓடுவது வழக்கம். தொட்டியைக் கழற்றிவிட்டு உடனடி ஹீட்டர் போடலாமா? மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றினால் குறையும் என்கிறார்கள் அலுவலகத்தில். எதனால் ஏறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு மாத பில்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நான்கு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 85 வெள்ளி ஏறிவிட்டது என்று பதறுகிறீர்கள். மின்சாரத்தால் ஏறியது மாதத்துக்கு ஏழு, எட்டு வெள்ளிதான். மீதி எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் யாரைக் குறை சொல்வது என்ற பேச்சு அதிலேயே பாதி அடங்கிவிடும்.

எஸ்பி குழுமத்தின் பில்லில் மின்சாரம், காஸ், தண்ணீர், குப்பை அகற்றும் கட்டணம் எல்லாம் ஒன்றாக வருகின்றன. அதன் மேல் அரசு தரும் யூ-சேவ் கட்டணக் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் விழுகிறது. உங்கள் ஏப்ரல் பில்லில் அது கழிந்திருக்கிறது, மே பில்லில் இல்லை. போதாததற்கு மின்கட்டணமும் அதே காலாண்டுக் கணக்கில்தான் மாறுகிறது. அதனால் ஏப்ரலையும் மேயையும் வெள்ளிக் கணக்கில் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. யூனிட்டைப் பாருங்கள். பில்லில் கிலோவாட் மணி என்று போட்டிருப்பதைத்தான் நாம் யூனிட் என்கிறோம்.

உங்கள் யூனிட்: பிப்ரவரி 372, மார்ச் 388, ஏப்ரல் 385, மே 452. இதைப் பார்த்ததும் மே மாதம் ஏதோ வெடித்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் ஏப்ரல் எண்ணுக்குப் பக்கத்தில் அது மதிப்பீடு என்று குறித்திருக்கிறார்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து மீட்டரைப் படிப்பார். இடைப்பட்ட மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டை வைத்து ஓர் எண்ணைப் போடுவார்கள். மாமியார் வந்ததோ ஹீட்டர் கூடுதலாக ஓடியதோ அந்த மதிப்பீட்டுக்குத் தெரியாது. ஏப்ரலில் விட்டுப்போனதும் சேர்ந்து மே மாதத்தில் வந்திருக்கிறது. ஆகவே இரண்டிரண்டு மாதமாகச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: பிப்ரவரியும் மார்ச்சும் 760, ஏப்ரலும் மேயும் 837. நாள்களால் வகுத்துப் பாருங்கள். முதல் ஜோடிக்கு 59 நாள், நாளுக்கு 12.9 யூனிட். இரண்டாவதற்கு 61 நாள், 13.7 யூனிட். வித்தியாசம் ஒரு யூனிட்கூட இல்லை.

யூனிட் விலை 2025ல் வரிக்கு முன் 27, 28 காசை ஒட்டியே இருந்தது. 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்தால் 30 காசு என்று வைத்துக்கொள்ளலாம். மனக்கணக்குக்கும் சுலபம். உங்கள் வீட்டில் கூடியிருப்பது நாளுக்கு 25 காசு. அதிலும் ஒரு பங்கு மே மாத வெயிலுக்குப் போயிருக்கும். சிங்கப்பூரில் ஆண்டிலேயே வெப்பமான மாதம் அதுதான், ஏர்கான் கூடுதலாக உழைத்திருக்கும்.

மதிப்பீட்டுத் தொல்லை பிடிக்கவில்லை என்றால், ஆள் வராத மாதத்தில் நீங்களே மீட்டர் எண்ணைக் குறித்து எஸ்பி செயலி வழியாக அனுப்பலாம். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீடுகளுக்கு இந்த வேலை கிடையாது, அரைமணி நேரத்துக்கு ஒரு கணக்கு செயலியிலேயே தெரியும்.

இனி ஹீட்டர். கணவர் சொல்வதை நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அடியில் பொத்தல் விழுந்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய நின்றால் வேகமாக ஒழுகும், குறைந்தால் மெதுவாக ஒழுகும். ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் மொத்தத்தில் ஒழுகுவது அதிகம்தான். தொட்டியில் வெப்பமும் அப்படியே. வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெளியே போகும். அணைத்துவிட்டால் தொட்டி ஆற ஆற இழப்பும் குறையும். திரும்பச் சூடாக்கும்போது செலவாவது, அதுவரை வெளியே போன வெப்பத்துக்கு ஈடு மட்டுமே.

எண்ணில் பார்ப்போம். நம் குழாய்த் தண்ணீரே ஏறத்தாழ 28 டிகிரியில் வருகிறது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய செலவு. இங்கே சூடாக்க இருப்பது தண்ணீர் மட்டும், அதுவும் பாதி வழி வந்துவிட்ட தண்ணீர். 30 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 1.1 யூனிட், அதாவது 33 காசு போதும். 2.5 அல்லது 3 கிலோவாட் ஹீட்டருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த 30 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 80 லிட்டர் குளிக்கக் கிடைக்கும். வாளியில் மொண்டு குளிப்பவர் என்றால் நான்கு பேருக்கு ஆகும்.

உங்கள் மாமியார் எப்படிக் குளிக்கிறார் என்று எழுதவில்லை. தஞ்சாவூர்க்காரர் வாளியும் குவளையுமாகக் குளித்தால் அவருக்குச் செலவு நாளுக்கு எட்டு காசு. பத்து நிமிடம் ஷவரில் நிற்பவருக்கு, ஷவர் நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் விட்டால், 38 காசு ஆகும். தண்ணீர்க் காசு தனி. வீட்டில் பத்து நிமிடம் நிற்பவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக, மாமியார் குளிப்பதால் ஏறுவது சில்லறை. தொட்டி நாள் முழுக்கச் சும்மா சூடாக நிற்பதுதான் மீதி, நாளுக்குப் பதினைந்து காசு அளவில். அந்த இழப்பு தொட்டிக்குத் தொட்டி மாறும், நீங்களே அளந்துவிடலாம். பல மாடல்களில் கம்பி சூடாகும்போது மட்டும் எரியும் ஒரு சின்ன விளக்கு தொட்டியிலேயே இருக்கும். சுவர் சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு அல்ல, அது மின்சாரம் வருகிறது என்று மட்டும் சொல்லும். எல்லோரும் குளித்து முடித்து, தொட்டி மறுபடி சூடேறி அந்த விளக்கு அணைந்த பிறகு, மூன்று மணி நேரம் யாரும் வெந்நீரைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதற்குள் விளக்கு மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மாமியாரையே கேட்டுக்கொள்ளலாம், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். 2.5 கிலோவாட் ஹீட்டர் நான்கு நிமிடம் எரிந்தால் 0.17 யூனிட். அந்தக் கணக்கில் நாள் முழுக்க விட்டால் 1.3 யூனிட், சுமார் 40 காசு. தொட்டி பொய்க்கூரைக்குள் மறைந்திருந்தால் இந்த வழி சரிப்படாது, மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. காலையில் குளிப்பதற்கு அரைமணி முன்பு போடுங்கள், எல்லோரும் குளித்ததும் அணையுங்கள், மாலையிலும் அப்படியே. நடுப்பகலில் மாமியாருக்கு ஒரு குவளை வெந்நீர் வேண்டுமென்றால் கெட்டிலில் வைப்பது மலிவு. தொட்டி வெந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். செலவைக் குறைக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 45, 50 டிகிரிக்கு இறக்கவும் வேண்டாம். தேங்கிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும், வயதானவர்களின் நுரையீரலைத் தாக்கும். தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறட்டும். குறைக்க வேண்டியது ஓடும் நேரத்தை.

உடனடி ஹீட்டர் நல்ல பொருள்தான், தேங்கிநிற்கும் சூடு அதில் கிடையாது. ஆனால் ஓடுகிற தொட்டியைக் கழற்றி, புது வயர் இழுத்து, குழாய் மாற்றி மாட்டுகிற செலவை, மாதம் நான்கைந்து வெள்ளி மிச்சத்தால் எடுக்க வருடக் கணக்காகும். இருக்கும் தொட்டி பழுதாகி மாற்ற வேண்டிய நாளில் யோசியுங்கள். அப்போதும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் 40 டிகிரியில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர்தான் தரும். ஷவரில் தண்ணீர் கொட்ட வேண்டும் என்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் மட்டும் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஏர்கானுக்கு ஒரே ஒரு வரி. என் கண் அங்கேதான் நின்றது. தேசிய சுற்றுப்புற வாரியம் 2017ல் வீடுகளில் செய்த ஆய்வில், மின்பயன்பாட்டில் ஏர்கானுக்கு 24 விழுக்காடு, ஐஸ்பெட்டிக்கு 17, தண்ணீர் ஹீட்டருக்கு 11 என்று வந்தது. ஓர் அறை ஏர்கான் சராசரியாக அரை கிலோவாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட், 1 வெள்ளி 20 காசு. மாதத்துக்கு 36 வெள்ளி. ஹீட்டரை வைத்து நீங்களும் கணவரும் வாதாடுவது நாளுக்குப் பதினைந்து காசுக்காக, மகன் அறையிலோ ஒரு வெள்ளிக்கு மேல் போகிறது.

20 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. எந்த எண்ணில் வைத்தாலும் முதல் பத்து நிமிடம் இயந்திரம் முழு மூச்சில்தான் ஓடும். 20 என்று சொன்னால் அதன் பிறகும் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். 25 டிகிரி வைத்து மின்விசிறியையும் போடச் சொல்லுங்கள். டிசி மின்விசிறி 30 வாட் அளவில்தான் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு ஏழு காசு. விடியற்காலை நான்கு மணிக்கு அணையும்படி டைமர் வைத்தால் அறையின் குளிர்ச்சி எழுந்திருக்கும் வரை தாங்கும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். பாலிடெக்னிக் பையன் அப்பா சொல்லிக் கேட்கமாட்டான். மீட்டர் படிக்கும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுவது நல்லது.

அந்த வேலை இது. ஒரு நோட்டில் இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் மீட்டர் எண்ணை எழுத வேண்டும், தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணையும் சேர்த்து. மூன்று இரவு 20 டிகிரியில், மூன்று இரவு 25 டிகிரியும் மின்விசிறியுமாக. முழு எண் மட்டும் காட்டும் மீட்டர் என்றால் மூன்று இரவையும் கூட்டிப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேக்கா பக்கம் கிளம்பும்போது, ஏர்கானும் ஹீட்டரும் அணைந்திருக்க, போகும்போது ஓர் எண், திரும்பி வந்ததும் ஓர் எண். ஆளில்லாத வீடு எவ்வளவு தின்கிறது என்று அதில் தெரியும். மணிக்கு 0.1 யூனிட் என்று வந்தால்கூட மாதத்துக்கு 72 யூனிட், 21 வெள்ளிக்கு மேல். பெரும்பாலும் ஐஸ்பெட்டிதான் காரணமாக இருக்கும். தேக்காவில் வாங்கிய ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் என்று சமையலறைக்கு வெளியே இரண்டாவது பழைய ஐஸ்பெட்டி ஓடும் நம் வீடுகள் ஏராளம். அதைத் தனியே அளக்க, பிளக்கில் செருகும் சின்ன மின்அளவி சிம் லிம் டவர் பக்கம் கிடைக்கும். ஏர்கானும் தொட்டி ஹீட்டரும் நேரடியாக வயரில் இணைந்தவை, அதில் செருக முடியாது. மிக்சி, கிரைண்டரை விட்டுத்தள்ளுங்கள். ஐந்து நிமிடம் சட்னி அரைத்தால் இரண்டு காசு.

விற்பனை நிறுவனத்தை மாற்றுவது பற்றி. 2019லிருந்து தீவு முழுக்க வீடுகள் தங்களுக்கு வேண்டிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம். கம்பி, மீட்டர் எல்லாம் அதேதான், கரண்டு நிற்கும் பயம் தேவையில்லை. யூனிட்டுக்கு இரண்டு காசு குறைவாகக் கிடைத்தால் உங்கள் 420 யூனிட்டுக்கு மாதம் எட்டு வெள்ளி மிச்சம். நல்லதுதான், ஆனால் ஒப்பந்தக் காலம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, சொல்லும் விலை வரியோடா வரியின்றியா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காலாண்டுக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி என்றால் கட்டணம் ஏறும்போது உங்கள் விலையும் ஏறும். நிலையான விலை என்றால் கட்டணம் இறங்கும்போது நீங்கள் மட்டும் பழைய விலையே கட்டுவீர்கள். ஒரு விஷயம்: தமிழ்நாட்டைப் போல இத்தனை யூனிட்டைத் தாண்டினால் விலை கூடும் என்ற அடுக்கு முறை எஸ்பியின் வழக்கமான மின்கட்டணத்தில் இல்லை, இரவில் சலுகையும் இல்லை. துணியை நள்ளிரவில் துவைப்பதால் ஒரு காசும் குறையாது.

பழைய ஐஸ்பெட்டியையோ ஏர்கானையோ மாற்ற வேண்டிய கட்டம் வந்தால், பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் மிச்சமிருக்கின்றனவா என்று சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாகப் பாருங்கள். வீவக வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளியும் 2025ல் மேலும் 100 வெள்ளியும் கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். மின்சிக்கன முத்திரையில் டிக் குறி அதிகமுள்ள ஐஸ்பெட்டி, ஐந்து டிக் ஏர்கான், எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி வாங்கலாம். கடைக்காரரிடம் அந்த மாடல் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் முதலில் வாங்கச் சொல்வது மகன் அறைக்கு ஒரு டிசி மின்விசிறி.