இ-சைக்கிள் பஞ்சர்: டயர் வாங்கும் முன் ஓட்டையைப் பாருங்கள்

விருதுநகர் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருவதில் இப்போது பேட்டரி சைக்கிள்தான் அதிகம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பஞ்சரே ஆகாத டயர் எது?" என்றுதான். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (அருப்புக்கோட்டை): அண்ணே, 27.5 இன்ச் இ-சைக்கிள், பின்சக்கரத்தில் மோட்டார். இரண்டு மாதத்தில் ஐந்து பஞ்சர், எல்லாமே பின்னால்தான். விலையைப் பற்றிக் கவலையில்லை, பஞ்சர் தாங்கும் டயர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால், அந்த ஐந்து ஓட்டையும் ட்யூபில் எந்தப் பக்கம் இருந்தன என்று பார்த்தீர்களா?

ரோட்டைப் பார்த்த பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பித்துண்டு. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால், ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு ட்யூபை அறுக்கிறது. அதற்கு எவ்வளவு விலையில் டயர் போட்டாலும் அடுத்த வாரம் திரும்ப வருவீர்கள். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். வால்வு அடியில் கிழிந்திருந்தால், காற்று குறைந்த டயர் மோட்டார் இழுவையில் ரிம்மில் நழுவி, ட்யூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்த ட்யூபில், இரண்டு விரல் அகலத்துக்குள் நான்கு பேட்ச். மூன்று கடையில் ஒட்டியிருக்கிறார். டயருக்குள் பஞ்சை வைத்து ஒரு சுற்று தடவினேன்; ஓரிடத்தில் நூல் மாட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டயரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடக்கியதும் அரை அரிசி அளவுக்குக் கறுப்பாக ஒரு முனை எட்டிப்பார்த்தது. சீமைக் கருவேல முள், வெளிப்பக்கம் ஒடிந்துபோய் ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் அது ட்யூபைத் தொடும். மூக்குக் குறடால் பிடுங்கினேன், அவ்வளவுதான். அவர் புது டயருக்குக் காசு எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை தெரிந்ததும், வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால் டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பின்சக்கரம் மட்டும் ஏன் என்றால், எடையில் பெரும்பகுதி அங்கேதான். முன்சக்கரம் கிளப்பிவிடும் முள்ளும் பின்சக்கரத்துக்குத்தான் வாகாக நிமிர்ந்து நிற்கும்.

கேள்வி (அதே தம்பி, நான்கு நாள் கழித்து): பார்த்தேன் அண்ணே. ஐந்தும் ரோட்டுப் பக்கம், ஐந்தும் வேறு வேறு இடம். டயருக்குள் ஒன்றும் இல்லை.

பதில்: அப்படியானால் உங்களுக்கு டயர் மாற்றுவது நியாயம். உங்கள் வழியில் கரிமூட்டத்துக்குக் கருவேல விறகு ஏற்றிப் போகும் வண்டிகள் சிந்திக்கொண்டே போகும். அந்த முள் 5 சென்டிமீட்டர் வரைகூட வளரும்.

பஞ்சர் தாங்கும் டயர் என்று விற்பதில் இரண்டு வகை. ஒன்று, ரப்பருக்கு அடியில் நைலான் அல்லது கெவ்லார் இழைப் பட்டை. இது கண்ணாடிச் சில்லுக்கு நல்லது. முள்ளோ, நெய்த துணியில் ஊசி நுழைவது போல இழைக்கு நடுவில் போய்விடும். இன்னொன்று, நடுவில் தடிமனான ரப்பர் மெத்தை. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் இந்த மெத்தை 5 மில்லிமீட்டர். முள்ளுக்குத் தடிமன்தான் பதில். உங்கள் ஊருக்கு இரண்டாவது வகை. கிடைக்காவிட்டால், இருப்பதிலேயே கனமான ரப்பர் உள்ள சாதாரண டயர், உள்ளே டயர் லைனர் பட்டை, தடித்த ட்யூப் என்று சேர்த்துப் போடுங்கள். 5 சென்டிமீட்டர் முள் நேராக நின்றால் எதுவும் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில டயரில் கெவ்லார் என்று எழுதியிருப்பது ஓரக் கம்பிக்குப் பதிலாகப் போட்ட இழையைப் பற்றி. டயரை மடக்கி வைக்கலாம், எடை குறையும். பஞ்சருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைக்காரரிடம் "பட்டை ரோட்டுப் பக்கம் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

கேள்வி (கோவில்பட்டி): இணையத்தில் 26 இன்ச் டயர் வாங்கினேன். என் 26 இன்ச் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை சார், இன்ச் கணக்குதான் ஏமாற்றுகிறது. 26 × 1.95 என்று புள்ளி வைத்து எழுதினால் ரிம்மில் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதினால் 590. பெயர் ஒன்று, இடைவெளி மூன்று சென்டிமீட்டர். பழைய டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 54-584 மாதிரி ஒரு ஜோடி எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். 27.5 இன்ச்சுக்கு 584, 29-க்கும் 700சி-க்கும் 622. அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிவகாசி, ஆசிரியை): கனமான டயர் போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்கிறார்கள். பள்ளிக்குப் போக வர 18 கிலோமீட்டர்.

பதில்: இறங்கும் டீச்சர், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அந்த மாதிரி டயர் ஒன்று, சைஸைப் பொறுத்து, ஒரு கிலோவை ஒட்டி வரும். எடையைவிட உருளும்போது தடித்த ரப்பர் மடங்கி விரிவதுதான் சக்தியைத் தின்னும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் கையில் 270 வாட்-ஹவர். மிதித்துக்கொண்டே போனால் உங்கள் 18 கிலோமீட்டருக்கு அது தாராளம். மிதிக்காமல் த்ராட்டிலிலேயே போகிறவர் என்றால் பின்னால் மட்டும் கனமான டயர், முன்னால் பழையதே என்று வையுங்கள். நான் என் வண்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரம்): ட்யூபுக்குள் பஞ்சர் லிக்விட் ஊற்றினால் போதாதா?

பதில்: நெருஞ்சி முள்ளுக்கு அருமையான வைத்தியம். நம் நெருஞ்சிதான் அமெரிக்கா போய், அங்கே சைக்கிள்காரர்களை அழவைக்கிறது; ஆட்டுத்தலை முள் என்று பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். ஒரே தடவையில் இருபது சின்ன ஓட்டை விழுந்தாலும் லிக்விட் அடைத்துவிடும். ஆணி கிழித்தால் அடைக்காது. நம் வெயிலில் சில மாதத்தில் உள்ளே காய்ந்து திரைத்துப் போகும், மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்றிய ட்யூபில் பேட்ச் ஒட்டுவதும் தொல்லை. ஈரம் கசிந்து சொல்யூஷன் பிடிக்காது. கையைக் கழுவிக்கொண்டே வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்பது என் சொந்தப் புலம்பல்.

கேள்வி (மதுரை, உணவு டெலிவரி): காற்றே இல்லாத கட்டி டயர் போட்டுவிடலாமா? நின்றால் எனக்கு வருமானம் போகிறது.

பதில்: போடாதீர்கள் தம்பி. ஒருவருக்கு நானே போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டுவதற்கே இரண்டு மணி நேரம். பஞ்சர் ஒன்றுகூட ஆகவில்லை, அது உண்மை. ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் அத்தனை அடியும் ஸ்போக்ஸில் இறங்கியது. மோட்டார் உள்ள சக்கரம் ஏற்கெனவே கனம். மூன்றாம் மாதம் ஸ்போக்ஸ் உடைய ஆரம்பித்தது. இடுப்பு வலிக்குத் தனிக் கணக்கு. உங்களுக்குத் தடித்த மெத்தை டயர், கூடவே லிக்விட். ஒரு ட்யூப் பையில் இருக்கட்டும்.

கேள்வி (சாத்தூர்): காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும், உதாரணமாக 40–65 பிஎஸ்ஐ என்று. பின்னால் அதில் மேல்பாதி, முன்னால் கொஞ்சம் குறைவு. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது. கேஜ் உள்ள பம்பு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): எங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரர், "மோட்டார் சக்கரம், கழற்ற மாட்டேன்" என்கிறார். என்ன செய்ய?

பதில்: அவர் சொல்வதில் தப்பில்லை அக்கா, ஒயர் அறுந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். ஆனால் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். சைக்கிளைச் சாய்த்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் லிவரால் நெம்பி, ட்யூபை அந்த இடத்தில் வெளியே இழுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டி, உள்ளே தள்ளிவிடலாம். அவரிடம் இப்படிக் கேளுங்கள், செய்வார்.

டயரையே மாற்றுவதென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். மோட்டார் ஒயரில் இணைப்பான் இருந்தால், அதில் உள்ள இரண்டு அம்புக்குறிகளையும் பார்த்து நேராக இழுங்கள், திருகக் கூடாது. உள்ளே மெல்லிய ஊசிகள். அச்சு நட்டு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் ஸ்பேனர். நட்டுக்கு அடியில் மூக்கு வைத்த வாஷர் ஒன்று இருக்கும். அச்சு ஃபிரேமுக்குள் சுழன்று ஒயரை முறுக்காமல் தடுப்பது அதுதான். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூக்கு எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்தில் உட்கார வேண்டும்.