"ஹோஸ்டிங்னா என்ன தம்பி?"

கேள்வி: காட்பாடியில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். வேலூரில் ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் நடத்தும் ஒருவரிடம் டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங், எஸ்எஸ்எல் (சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ்), ரெஸ்பான்சிவ் (போன் திரைக்கும் ஏற்றபடி மாறும் டிசைன்) எல்லாம் விளக்கினேன்; தலையாட்டினார். அடுத்த வருடம் ரென்யூவல் பணம் கேட்டதும், "அன்னைக்கே எல்லாம் சேர்த்துத்தானே குடுத்தேன்" என்று கோபப்படுகிறார். இனி இந்தச் சொற்களையே விட்டுவிடட்டுமா?

பதில்: எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள் தம்பி. எந்தச் சொல் நாளைக்கு அவருடைய பில்லிலோ மெயிலிலோ வந்து நிற்குமோ, அதை அதே பெயரில் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். டொமைன், ஹோஸ்டிங், ரென்யூவல் மூன்றும் அந்த வகை. டொமைன் காலாவதியாகப் போகிறது என்று மெயில் வரும்போது அவருக்கு அது புரியவேண்டும். புரியாமல் விட்டால் சைட் நின்றுபோகும். புதுப்பிக்கத் தரும் கெடுவும் தாண்டினால் அந்தப் பெயரை வேறு யாராவது வாங்கிவிடலாம். அதனால் டொமைனை அவர் பெயரில், அவர் மெயில் ஐடியில் பதிவு செய்யுங்கள். இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

ஹோஸ்டிங்கை 'வாடகை மாதிரி' என்று பலரும் சொல்கிறார்கள். லாட்ஜ்காரரிடம் அப்படிச் சொன்னால், காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருமா என்றுதான் கேட்பார். "உங்க சைட் ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கு, அது ராத்திரி பகலா ஓட வருஷா வருஷம் இவ்வளவு" என்று நேராகவே சொல்லலாம்.

ரெஸ்பான்சிவ் என்ற சொல் அவருக்குத் தேவையே இல்லை. கொல்கத்தாவிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டி வருகிறவர் ரயிலில் உட்கார்ந்து போனில்தான் ரூம் தேடுவார். லாட்ஜ்காரரின் போனையே வாங்கி, அதில் ரூம் வாடகையும் வழியும் கூப்பிடும் பட்டனும் எப்படித் தெரிகிறது என்று காட்டுங்கள். எஸ்எஸ்எல்லும் அப்படித்தான். அது இல்லாத சைட்டை 2018 ஜூலையிலிருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. அட்வான்ஸ் கட்ட வந்தவர் பயந்து திரும்பிவிடுவார் என்று சொன்னால் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அதைப் பொருத்தித் தரும் கூலியைக் கேளுங்கள். சான்றிதழுக்கு விலை போடாதீர்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதிக்காரர்களிடம் மட்டும் இவ்வளவு எளிமை வேண்டாம். எல்.சி., ஷிப்பிங் பில் என்று ஏற்றுமதிப் பத்திரங்களோடு தினமும் புழங்குகிறவர்கள் அவர்கள். சரியான பெயரைச் சொன்னால்தான் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

சரி, இப்போதைய சண்டைக்கு வருவோம். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 'முதல் வருடத்துக்கு மட்டும்' என்று அதில் இல்லையென்றால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த முறை கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்கள் கூலியை விட்டுக்கொடுங்கள். அப்புறம், இனி தரும் கொட்டேஷனில் 'ஒரு தடவை கட்டுவது', 'வருடா வருடம் கட்டுவது' என்று இரண்டாகப் பிரித்துத் தமிழிலேயே எழுதி வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ரென்யூவலுக்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.